உங்கள் மொட்டை மாடி பசுமைக் கூரையைத் தாங்குமா? கொழும்புக் கட்டடங்களைச் சோதித்துப் பார்க்கும் முறை

ஏப்ரல் முதல் வாரத்தில் சூரியன் கொழும்புக்கு நேர் உச்சம் கொடுக்கிறது. செப்டெம்பர் தொடக்கத்தில் மறுபடியும் அப்படித்தான். அந்த நாட்களில் நண்பகல் வெயில் சுவர்களில் படுவது குறைவு, முழுவதும் கூரையின் மேல்தான் இறங்குகிறது. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ கடைசி மாடியில் குடியிருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பகலெல்லாம் சூடேறிய சிலாப், இரவு பத்து மணிக்கும் அனலை வீட்டுக்குள் இறக்கிக்கொண்டிருக்கும். அந்தச் சிலாப்பின் மேல் ஒரு சாண் மண்ணும் பச்சையும் இருந்தால் வெயில் கொங்கிறீட்டைத் தொடாது. பெய்யும் மழையில் ஒரு பங்கும் மண்ணிலே தங்கி மெல்ல வடியும். 2010 நவம்பரில் கொட்டியது போன்ற பெருமழையை எந்தக் கூரையும் தடுத்துவிடாது. ஆனால் ஒரு மாலை மழைக்கே ஒழுங்கைகளில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும் நகரத்தில், முதலில் விழும் சில மில்லிமீற்றர்களைக் கூரைகளே பிடித்து வைத்துக்கொள்வது பெரிய உதவி.

பசுமைக் கூரை என்ற இந்த ஆசையோடு வருபவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, என்ன செடி வைக்கலாம் என்பதைத்தான். செடி கடைசிக் கேள்வி. முதற்கேள்வி கட்டடம். ராஜகிரியவில் உள்ள 46 மாடிக் கிளியர்பொயின்ட் கட்டடத்தின் மாடங்களில் மரங்கள் வளர்கின்றன. ஜெஃப்ரி பாவா வடிவமைத்த கண்டலம ஹோட்டலின் தட்டையான கூரைகளிலும் பச்சை படர்ந்திருக்கிறது. அவற்றில் மண்ணின் பாரமும் தண்ணீரின் வழியும் வரைபடத்திலேயே கணக்கிடப்பட்டவை. நம்முடைய பிரச்சினை வேறு: வேறு நோக்கத்துக்காக எப்போதோ கட்டப்பட்ட ஒரு கூரையின் மேல் இப்போது புதிய பாரத்தை ஏற்ற நினைக்கிறோம்.

கொழும்பில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. பெப்ரவரி மாதத்து நல்ல வெயிலில் மேலே ஏறிப் பார்த்தால் எந்த மொட்டை மாடியும் தோட்டத்துக்குத் தோதானதாகத்தான் தெரியும். அதனால் ஒவ்வொரு படியிலும் ஓர் ஒக்டோபர் இரவை மனதில் வைத்துக் கணக்குப் போடுங்கள். மண் முழுவதும் நனைந்திருக்கிறது, தண்ணீர்க் குழாய் ஒன்று இலைகளால் அடைபட்டிருக்கிறது, மழை இன்னும் விடவில்லை. அந்த இரவைத் தாங்கும் கூரைதான் தகுதியான கூரை.

1. கூரையின் வகை

இதை வீதியில் நின்றே பார்த்துவிடலாம். கள்ளிக்கோட்டை ஓடு போட்ட பழைய வீடுகளும், புறக்கோட்டைப் பக்கத்து மரச்சட்டக் கூரைக் கடைகளும் மண் தாங்கா. அஸ்பெஸ்டஸ் தகட்டுக் கூரையில் ஏறவே வேண்டாம். தகடு உடைந்தால் ஆள் விழுவது ஓர் ஆபத்து, துளையிட்டாலும் உடைத்தாலும் காற்றில் கலக்கும் நார்த்தூசி இன்னோர் ஆபத்து. தகரக் கூரையும் அப்படியே. மிஞ்சுவது தட்டையான கொங்கிறீட் சிலாப் மட்டுமே.

சிலாப்புக்கு மேலே இரும்புச் சட்டம் அடித்துத் தகரம் போட்டிருக்கும் கட்டடங்கள் கொழும்பில் நிறைய உண்டு. அந்தத் தகரத்தைக் கழற்றிவிட்டுத் தோட்டம் போடலாம் என்று எண்ணுமுன், அதை ஏன் போட்டார்கள் என்று விசாரியுங்கள். வெயிலுக்காக என்றால் சரி. ஒழுக்குத் தாங்க முடியாமல் போட்டிருந்தால் உங்கள் சோதனை அங்கேயே பாதி முடிந்துவிட்டது.

2. கடதாசிகளும் கட்டடத்தின் கதையும்

உள்ளூராட்சி மன்றம் அனுமதித்த வரைபடம், கட்டமைப்பு வரைபடங்கள், கட்டி முடித்த பின் வழங்கப்பட்ட இணக்கச் சான்றிதழ் ஆகியவற்றைத் தேடி எடுங்கள். வீட்டுக்காரர் கையில் இல்லாவிட்டால் வரைந்த பொறியியலாளரிடமோ மாநகர சபையிலோ கேட்டுப் பாருங்கள். கட்டமைப்பு வரைபடம் கையிலிருந்தால் பின்னால் பொறியியலாளரின் வேலை சுலபமாகும், உங்கள் செலவும் குறையும். வரைபடத்தில் இத்தனை மாடி என்றிருக்க நேரில் ஒன்று கூடுதலாக நின்றால், கூரையில் மேலதிகமாக ஒரு சாக்கு மண்ணும் வேண்டாம். அடித்தளத்துக்கு ஒதுக்கப்பட்ட தாங்குதிறனை அந்த மாடி ஏற்கெனவே தின்றுவிட்டது. 2017 மே மாதம் வெள்ளவத்தையில் ஒரு பலமாடிக் கட்டடம் இடிந்து விழுந்ததைப் பார்த்த ஊர் இது. பாரத்தை ஊகத்தில் விடக்கூடாது.

கொழும்புக் கூரைகளில் அடிக்கடி காணும் ஒன்று, தூண்களின் தலையிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகள். இன்னொரு மாடி கட்டும் எண்ணத்தில் விட்டவை. உண்மையிலேயே அடுத்த மாடிக்காகக் கணக்கிட்டுக் கட்டியிருந்தால் அது நல்ல செய்தி, தூணிலும் அத்திவாரத்திலும் இடமிருக்கிறது. ஆனால் கம்பி நீட்டியிருப்பது மட்டும் சான்றாகாது, கணக்குத் தாளைப் பார்க்க வேண்டும். அந்தக் கம்பிகள் பல ஆண்டு மழையில் துருப்பிடித்து, துரு வழியே தண்ணீர் தூணுக்குள் இறங்குகிறதா என்றும் பாருங்கள்.

தொடர்மாடி என்றால் இன்னொரு கேள்வி: கூரை யாருடையது? 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க மாடி உரிமைச் சட்டத்தின் கீழ்ப் பதிவான கட்டடங்களில் கூரை பொதுவாக எல்லோருக்கும் சொந்தமான பொது உறுப்பு. மேல்வீட்டில் இருப்பதால் அது மேல்வீட்டுக்காரருடையது ஆகிவிடாது. வீட்டு உரிமையாளர்கள் சேர்ந்த முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்தின் சம்மதம் எழுத்தில் வேண்டும். ஒழுகினால் யார் செலவு, குழாயை யார் சுத்தம் செய்வது என்பவற்றையும் அதே கடிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

3. மேலே ஏறுமுன் கீழிருந்து பாருங்கள்

கூரையின் உடல்நலம் மேலே தெரியாது, அடிப்பக்கத்தில்தான் தெரியும். கடைசி மாடியின் ஒவ்வோர் அறைக்குள்ளும் போய் டோர்ச் வெளிச்சத்தைச் சிலாப்பின் மேல் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். பொய்க்கூரை அடித்திருந்தால் ஒரு பலகையையாவது கழற்றச் சொல்லுங்கள். மின்விளக்குப் பெட்டியின் ஓரம், குளியலறையின் மூலை, பீமும் சிலாப்பும் சேரும் கோடு ஆகிய மூன்று இடங்களையும் தவறவிடாதீர்கள்.

மஞ்சள் வளையமாகக் கறை இருந்தால் எப்போதோ ஒழுகியது. வெள்ளை உப்புப் பூத்திருந்தால் தண்ணீர் இன்னும் ஊடுருவிக்கொண்டிருக்கக்கூடும். பெயின்ற் புதிதாக ஓரிடத்தில் மட்டும் பளிச்சென்றிருந்தால் அதற்குக் காரணம் கேளுங்கள். எல்லாவற்றையும்விடக் கவலை தருவது செம்பழுப்பு நிறத்தில் நேர்கோடாக ஓடும் கறை. அது உள்ளே கம்பி துருப்பிடித்துக்கொண்டிருப்பதைக் காட்டுகிறது. துருவேறிய கம்பி பருத்துக் கொங்கிறீட்டை வெளியே தள்ளும். முதலில் கோடாக வெடிப்பு, பிறகு உப்பல், பிறகு தகடாகக் கழன்று விழும். சந்தேகமான இடத்தைச் சுத்தியலின் பிடியால் மெதுவாகத் தட்டுங்கள். கணீரென்றால் பிடிப்பு நன்றாக இருக்கிறது. பொத்தென்று வெற்றொலி கேட்டால் கொங்கிறீட் கம்பியை விட்டோ, மேற்பூச்சு கொங்கிறீட்டை விட்டோ பிரிந்திருக்கிறது.

காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட கட்டடங்களில் இதை இரட்டிப்புக் கவனத்தோடு செய்யுங்கள். தென்மேற்குப் பருவக்காற்று கொண்டுவரும் உப்பு, கம்பிக்குப் பெரிய எதிரி. பத்துப் பதினைந்து ஆண்டுக் கட்டடமே அங்கே வயதானதைப் போலத் தோன்றலாம்.

பார்த்ததையெல்லாம் படம் எடுத்து, அறையின் பெயரும் திகதியும் எழுதி வையுங்கள். இந்தப் படங்கள் பின்னால் ஒப்பிட வேண்டிவரும். கம்பி வெளியே தெரியும் சிலாப்பில் பசுமைக் கூரைப் பேச்சை நிறுத்திவிட்டுத் திருத்த வேலையைப் பற்றிப் பேசுங்கள்.

4. பாரம்

இதுதான் சோதனையின் நடுநாயகம், ஆறுதலாக வாசியுங்கள்.

இலங்கையில் நீண்ட காலம் கட்டடங்கள் பிரித்தானிய நியமங்களைப் பின்பற்றியே கணக்கிடப்பட்டன. அவற்றின்படி, மக்கள் நடமாடும் தட்டையான கூரைக்குச் சதுர மீற்றருக்கு 1.5 கிலோநியூட்டன், அதாவது ஏறத்தாழ 150 கிலோகிராம் நடமாட்டப் பாரம். திருத்த வேலைக்கு மட்டும் ஏறும் கூரைக்கு 0.6 கிலோநியூட்டன், ஏறத்தாழ 60 கிலோகிராம். உங்கள் கூரைக்குப் படிக்கட்டு வைத்துக் கட்டினார்களா, ஏணி வைத்து மட்டும் ஏறும்படி விட்டார்களா என்பதே முதற்குறிப்பைத் தந்துவிடும். ஆனால் இந்த 150 முழுவதையும் மண்ணுக்குக் கொடுத்துவிட முடியாது. அது மனிதர்களுக்கென ஒதுக்கிய இடம். மண் நிரந்தரப் பாரம், இரவும் பகலும் அங்கேயே இருக்கும். இரண்டையும் எப்படிப் பங்கிடுவது என்பதைப் பொறியியலாளர்தான் சொல்ல வேண்டும்.

இனி மண்ணின் பக்கம். எட்டு முதல் பதினைந்து சென்ரிமீற்றர் வரை மெல்லிய படுக்கையில், புல்லும் சதைப்பற்றுச் செடியும் மட்டும் உள்ள கூரை, நனைந்த நிலையில் சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 80 முதல் 150 கிலோ. செடிப்பற்றைகளும் சிறு மரங்களும் வைக்கும் ஆழமான தோட்டம் 200இல் தொடங்கி 500ஐயும் தாண்டும். சாதாரண வீட்டுச் சிலாப் இரண்டாவதைத் தாங்காது என்று எண்ணிக்கொண்டே தொடங்குவது நல்லது.

இந்த எண்கள் வேறெங்கோ செய்த கலவைகளுக்கானவை. உங்கள் கலவையின் பாரத்தை நீங்களே அளக்கலாம். பத்து லீற்றர் வாளி ஒன்றின் அடியில் துளைகள் போடுங்கள். நீங்கள் போட நினைக்கும் மண்ணை அதில் விளிம்பு வரை நிரப்பி இலேசாகத் தட்டி மட்டமாக்குங்கள். பெரிய தொட்டித் தண்ணீருக்குள் வாளியை இறக்கி, குமிழி நிற்கும்வரை ஊறவிடுங்கள். வெளியே தூக்கிச் சொட்டுவது நின்றதும் நிறுத்துப் பாருங்கள், வாளியின் எடையைக் கழியுங்கள். ஒரு சதுர மீற்றரில் பத்துச் சென்ரிமீற்றர் ஆழம் என்பது நூறு லீற்றர், அதாவது பத்து வாளி. ஆகவே வந்த எடையைப் பத்தால் பெருக்கினால் சதுர மீற்றருக்கான பாரம் கிடைக்கும். வாளி மண் 13 கிலோ என்றால் 130 கிலோ. தோட்டத்துச் செம்மண்ணை அப்படியே போட்டால் 160 முதல் 200 வரை வரும். வடிகால் தட்டு, வடிதுணி, வளர்ந்த செடி எல்லாவற்றுக்குமாக இன்னும் 15, 20 கிலோவைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

தும்புத்தூள் நம் நாட்டில் மலிவு, கையில் எடுத்தால் பஞ்சாக இருக்கும். அந்த இலேசை நம்பாதீர்கள். தன் எடையைப் போல எட்டு மடங்கு வரை தண்ணீரைக் குடிக்கும், காலப்போக்கில் மக்கிச் சுருங்கியும் போகும். அளவோடு கலப்பது நல்லது. உடைத்த பழைய ஓட்டுத் துண்டுகள், உமிக்கரி, கொஞ்சம் கூட்டெரு, கொஞ்சம் தும்புத்தூள் என்று பல விகிதங்களில் கலந்து ஒவ்வொன்றையும் வாளியில் நிறுத்துப் பாருங்கள். பழைய வீடுகள் இடிபடும்போது கள்ளிக்கோட்டை ஓடு உடைசல் ஏராளமாகக் கிடைக்கிறது. அது குப்பைமேட்டுக்குப் போவதைவிடக் கூரைக்குப் போவது எவ்வளவோ மேல்.

மேலே ஒரு டொன் தண்ணீர்த் தாங்கியே நிற்கிறதே, மண் நிற்காதா என்று கேட்பார்கள். ஒழுங்காக வைத்த தாங்கி, தூணுக்கோ படிக்கட்டுச் சுவருக்கோ நேர்மேலே நிற்கிறது. சிலாப்பின் நடுவில் அதே பாரம் வேறு விதமாக வேலை செய்யும். வெளியே நீட்டிய சிலாப், கைபிடியில்லாத மழைத்தட்டு ஆகியவற்றில் மண் அறவே கூடாது.

பாரக் கணக்கில் கொஞ்சம் குறைகிறது என்றால் மனம் தளர வேண்டாம். பழைய கூரைகளில் ஒழுக்குக்காக ஒன்றன்மேல் ஒன்றாகச் சீமெந்துத் தளமும் ஓடுகளும் போட்டிருப்பார்கள். ஐந்து சென்ரிமீற்றர் சீமெந்துத் தளம் சதுர மீற்றருக்கு 100 கிலோவுக்கு மேல். பொறியியலாளரின் சொற்படி அதை அகற்றினால் அந்தப் பாரம் உங்களுக்குத் திரும்பக் கிடைக்கும்.

5. தண்ணீர் எங்கே போகிறது?

இதற்கு மழை நாளே வேண்டும். நல்ல மழை விட்டு ஒரு மணித்தியாலம் கழித்து மேலே போய், தண்ணீர் தேங்கிய இடங்களைச் சோக்கால் வட்டமிடுங்கள். மறுநாள் காலையில் மறுபடியும் பாருங்கள். இரண்டாம் நாளும் வற்றாத குட்டை, சரிவு போதாது என்பதைக் காட்டுகிறது. 80 மீற்றருக்கு ஒரு மீற்றராவது இறக்கம் இருக்க வேண்டும், புதிதாகச் சரிவு அமைப்பதானால் 40க்கு ஒன்று. தேங்கும் தண்ணீரில் ஒவ்வொரு சென்ரிமீற்றரும் சதுர மீற்றருக்குப் பத்துக் கிலோ என்பதை மறவாதீர்கள்.

பிறகு வெளியேறும் துவாரங்களை எண்ணுங்கள். ஒன்றே ஒன்றுதான் என்றால், அது அடைபட்ட அந்த ஒக்டோபர் இரவில் கைபிடிச் சுவர்களுக்கிடையே கூரை குளமாகும். இரண்டாவது துவாரமோ, சுவரில் தாழ்வாக வெட்டிய மிகைநீர் வழியோ கட்டாயம். துவாரத்தைச் சுற்றியும் சுவரோரமும் ஓர் அடி முதல் ஒன்றரை அடி அகலத்துக்கு மண்ணே போடாமல் கூழாங்கல் மட்டும் நிரப்ப வேண்டும். துவாரத்துக்கு மேல் திறந்து பார்க்கக்கூடிய மூடி வையுங்கள்.

நுளம்பு விடயத்தில் தயவு தாட்சணியம் கூடாது. நன்றாக வடியும் மண்ணில் நுளம்பு முட்டையிடாது, அது பெருகுவது அடைபட்ட பீலியிலும், சாடிக்குக் கீழே வைத்த தட்டிலும், மூடாத பீப்பாயிலும்தான். முட்டை நுளம்பாக ஒரு வாரத்துக்குச் சற்று அதிகமான காலமே போதும். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்பு பெருக்கத் தடுப்புச் சட்டத்தின் கீழ் பொறுப்பு, இடத்தை வைத்திருப்பவருடையது. வாரம் ஒருமுறை மேலே ஏற ஆள் இல்லாத கட்டடத்துக்கு இந்த ஒரே காரணத்தால் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

6. நீர்க்காப்பு

மண் போட்ட பிறகு ஒழுக்கைத் தேடுவது கொடுமையான வேலை, முழுவதையும் வாரி எடுக்க வேண்டிவரும். ஆகவே நீர்க்காப்புப் படலத்துக்கு எத்தனை வயது, எதனால் ஆனது என்று முன்கூட்டியே அறியுங்கள். தார் கலந்த படலங்களை வேர் துளைத்துவிடும், அவற்றுக்கு மேலே தனியாக வேர்த்தடுப்பு விரிக்க வேண்டும். பழைய படலத்தின் மேல் புதுத் தோட்டம் போடும் சிக்கனத்தை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

புதிய படலம் போட்டதும், பொறியியலாளர் சம்மதித்தால், துவாரங்களை அடைத்து ஐந்து சென்ரிமீற்றர் தண்ணீரை 48 மணித்தியாலம் நிறுத்தி, கீழே ஒவ்வோர் அறையிலும் பாருங்கள். அந்தத் தண்ணீரே சதுர மீற்றருக்கு 50 கிலோ என்பதால் சம்மதம் கேட்காமல் செய்யக்கூடாது.

கூரை வெடிப்புகளில் அரசங்கன்றோ ஆலங்கன்றோ முளைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். பறவை எச்சத்தில் வந்த விதை, விரல் அகல வெடிப்பில்கூட வேர் விட்டுச் சுவரைப் பிளக்கும். ஏற்கெனவே தலைகாட்டியிருந்தால் அந்த வெடிப்புக்குள் எப்போதும் ஈரம் இருக்கிறது என்றே கொள்ளலாம்.

7. மற்றவை

மண் மட்டம் உயர்ந்த பிறகும் கைபிடிச் சுவர் 1.1 மீற்றர் மிஞ்ச வேண்டும். கடற்பக்கக் கட்டடங்களில் ஓரங்களில் காற்று மிகப் பலமாக இழுக்கும், அங்கே கல் பதியுங்கள். மேலே தண்ணீர்க் குழாய் வேண்டும், ஜனவரி, பெப்ரவரி வெயிலில் மெல்லிய மண் சில நாட்களிலேயே காய்ந்துவிடும். சூரிய மின்தகடுகள் இருந்தால் அது தடையல்ல, குளிர்ந்த கூரையில் அவை சற்று நன்றாகவே வேலை செய்யும்.

8. பொறியியலாளரிடம் போகும்போது

இதுவரை செய்தது வடிகட்டல் மட்டுமே. ஆம் என்று சொல்லும் அதிகாரம் பட்டயக் கட்டமைப்புப் பொறியியலாளருக்கே உண்டு. மேசன் பாஸ் எவ்வளவு அனுபவசாலியானாலும் கண்ணால் பார்த்துப் பாரத்தைச் சொல்ல முடியாது. வரைபடம், படங்கள், வாளிக் கணக்கு ஆகிய மூன்றையும் எடுத்துச் செல்லுங்கள். வரைபடம் இல்லாவிட்டால், கம்பி எங்கே எவ்வளவு இருக்கிறது என்று கருவியால் தேடுவது, கொங்கிறீட்டில் உருளைத் துண்டு வெட்டி நசுக்கிப் பார்ப்பது போன்ற சோதனைகள் தேவைப்படும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் போன்ற இடங்களில் பரிசோதனை வசதி உண்டு. கேட்க வேண்டியது தாங்குமா என்பதை அல்ல. நனைந்த நிலையில் சதுர மீற்றருக்கு எத்தனை கிலோ, எந்தப் பகுதியில், மக்கள் நடமாட்டத்தோடா இல்லாமலா என்று கேளுங்கள். பதிலைக் கையொப்பத்தோடு எழுத்தில் வாங்குங்கள்.

பல கட்டடங்களுக்கு வரும் பதில், முழுக் கூரைக்கும் முடியாது, பீம்களுக்கு மேலே மட்டும் பெட்டிகளில் வைக்கலாம் என்பது. அதுவும் நல்ல பதிலே. முடியவே முடியாது என்றால் வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பூச்சும், நிலத்திலிருந்து சுவரோரம் ஏறும் கொடிகளும் இருக்கின்றன.

சம்மதம் கிடைத்துவிட்டால் செடிக் கேள்விக்கு வரலாம். ஐரோப்பிய வழிகாட்டிகள் புகழும் சேடம் என்ற சதைப்பற்றுச் செடி நம் ஈரத்தில் பெரும்பாலும் அழுகும். பத்துமணிப்பூ, கற்றாழை, மெல்லிய புல்வகைகள், கடற்பக்கமானால் உப்புக்கு அஞ்சாத அடம்பன் கொடி என்று சிறிதாகப் பரீட்சியுங்கள். மஞ்சள் பூப் பூக்கும் வெடேலியா வேண்டாம், அது இங்கே ஆக்கிரமிப்புத் தாவரம்.

வேலை நாளில் மண் சாக்குகளை ஒரே மூலையில் அடுக்கவிடாதீர்கள். 50 சதுர மீற்றருக்குப் பத்துச் சென்ரிமீற்றர் ஆழம் என்றால் ஐந்து கன மீற்றர், 25 லீற்றர்ச் சாக்கில் இருநூறு சாக்கு. அவை ஓரிடத்தில் குவிந்தால் தோட்டம் முழுவதையும் தாங்கும் சிலாப்பும் அன்றே வெடிக்கலாம். கொண்டுவரக் கொண்டுவரப் பரப்பிவிட வேண்டும்.

முதல் ஆண்டில் பீமுக்கு மேலே நான்கைந்து சதுர மீற்றர் மட்டும் போட்டு, ஒக்டோபர், நவம்பர் மழை முழுவதையும் கடக்கவிடுங்கள். டிசம்பரில் கீழ் அறைகளுக்குப் போய், முன்பு எடுத்த படங்களைக் கையில் வைத்துக்கொண்டு அதே மூலைகளைப் பாருங்கள். புதிய ஈரமோ வெடிப்போ இல்லையென்றால், ஜனவரி வெயிலில் மீதிப் பகுதிக்கு வேலையைத் தொடங்கலாம்.